பன்னிரண்டும் சௌக்கியம்

எலுமிச்சைத் தொட்டிகள் மூன்றையும் அவர் நாலாவது முறையாகச் சுற்றி வந்துவிட்டார். பன்னிரண்டு புழுக்கள் இருக்க வேண்டிய செடிகளில் ஒன்றுகூட இல்லை.

ஒன்று குறைந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு குறைந்திருந்தால்கூட எதையாவது சொல்லிப் பூசி மெழுகலாம். இது மொத்தமாகக் காணவில்லை. இலைக்கு அடியில் பார்த்தார், தண்டில் பார்த்தார், தொட்டியைத் தூக்கிப் பார்த்தார், பால்கனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த தன் பனியனை உதறிக்கூடப் பார்த்தார். மனைவி கிளம்பிப் போய் முழுசாக ஆறு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் அவரை நம்பி விட்டுப் போன பன்னிரண்டு உயிரும் மாயம்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவிதான்.

"வந்து சேந்துட்டேங்க. ஒரு விஷயம் சொல்லணும், இந்தப் புழு—"

"பன்னெண்டும் நல்லா இருக்குமா. நீ கவலையே படாதே."

"பன்னெண்டுமா?" என்றாள்.

"பன்னெண்டும். இப்பத்தான் எண்ணிட்டு வர்றேன். ஒண்ணு மட்டும் கொஞ்சம் மெதுவா சாப்பிடுது. மத்தபடி எல்லாம் சௌக்கியம்."

"அப்படியா," என்றாள் மனைவி. "சரி, பாத்துக்கோங்க."

போனை வைத்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. ஆனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்து போன் எடுக்கிற மனுஷர். யார் என்ன கத்தினாலும் "கவலைப்படாதீங்க, நம்ம ஆள் கிளம்பிட்டார்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஆள் இருக்கிறாரா, இருந்தால் எங்கே இருக்கிறார் என்பதையெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். இந்தத் திறமைக்காக ஆபீசில் அவருக்குச் சமாளிப்பு சார் என்று பட்டப்பெயர். நாக்கு அப்படிப் பழகிவிட்டது. பெண்டாட்டி என்றும் வாடிக்கையாளர் என்றும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

விஷயம் சாதாரணமில்லை. ஒரு நாய்க்குட்டி இதில் மாட்டிக்கொண்டிருந்தது.

சமாளிப்புக்கு நாய் என்றால் உயிர். சின்ன வயசில் கேட்டார், அப்பா கூடாது என்றார். கல்யாணமானதும் கேட்டார், மனைவி கூடாது என்றாள். அவள் சொன்னதற்கு நியாயம் இருந்தது. முன்பு ஒருமுறை ஊருக்குப் போனபோது மீன் தொட்டியை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் இப்படி ஜில்லென்று இருக்கிறதே, பாவம் என்று இவர் இரண்டு சொம்பு வெந்நீர் ஊற்றினார். அதைப் பற்றி இன்றுவரை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இப்போது ஆபீசில் பக்கத்து சீட்டு அம்மாவின் நாய் ஐந்து குட்டி போட்டு, நாலு கைமாறி, கடைசிக் குட்டி ஒன்று மிச்சம் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும். அதை நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போன தடவை அது அவர் செருப்பின் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மாமனாருக்குக் கண் ஆபரேஷன். அங்கே மாமியார், கொழுந்தியாள், சகலை என்று ஒரு பட்டாளமே இருந்தாலும் மூத்த மகள் வந்தால்தான் ஆபரேஷனுக்குப் படுப்பேன் என்று மாமனார் அடம். கிளம்புகிற அன்று காலை மனைவி அவரைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய பட்டாம்பூச்சித் தோட்டம் அது. எலுமிச்சைத் தொட்டி மூன்று, பூச்செடித் தொட்டி ஏழு, எலுமிச்சை இலையில் விரல் நுனி நீளத்துக்குப் பன்னிரண்டு புழுக்கள்.

"பாக்கக் காக்கா எச்சம் மாதிரிதான் இருக்கும். இன்னும் ரெண்டு மூணு நாள்ல தோலை உரிச்சுப் பச்சையாயிடும். அப்புறம் கூடு கட்டும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். நான் வர்ற வரைக்கும் ஒம்பது நாள் இந்தப் பன்னெண்டும் உயிரோட இருந்தா, நாய்க்குட்டி வரட்டும்."

அவளுக்கு ஒவ்வொரு புழுவும் தனித்தனியாகத் தெரியும். நம்பர்கூட வைத்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை முதல் வேலையாகச் சமாளிப்பு, செடி விற்கும் நர்சரிக்குப் போய் நின்றார்.

"எலுமிச்சைச் செடி இருக்குங்களா, புழுவோட?"

நர்சரிக்காரர் முகம் சுருங்கியது. "நம்ம செடியில புழுவா? எப்ப வாங்கினது?"

"புழு இல்லைங்க. அதான் பிரச்சினை."

"புழு இல்லாதது ஒரு பிரச்சினையா சார்?"

"ஒரு பன்னெண்டு கிடைச்சாப் போதும்."

நர்சரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். யாரோ போட்டிக் கடைக்காரர் ஆள் அனுப்பி வம்புக்கு இழுக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டார். "இருபது வருஷமா கடை நடத்துறேன். என் செடியில ஒரு புழுவைக் காட்டுங்க, கடையை இழுத்து மூடிடறேன். இந்தாங்க, இதைக் கொண்டு போங்க. அடிச்சிருக்கிற மருந்துக்கு ஒரு வருஷத்துக்கு எந்த ஜீவனும் கிட்ட வராது. கவலைப்படாம போங்க."

சமாளிப்புக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் வாடிக்கையாளர்களின் கஷ்டம் புரிந்தது. புழுவுக்குப் போனவர், புழுவே வராத எலுமிச்சைச் செடி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடை.

"பூச்சி அரிச்ச கோஸ் இருக்காம்மா?"

"ஏன் சார், போன வாரம் ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்கு என்கிட்ட அரை மணி நேரம் மல்லுக்கு நின்னீங்களே."

"இப்ப மனசு மாறிடுச்சும்மா."

கடைக்கார அம்மா கழித்துப் போட்ட குவியலிலிருந்து ஐந்து முட்டைக்கோஸைப் பொறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இதழ் இதழாகப் பிரித்ததில் ஆறு புழுக்கள் தேறின. பச்சை நிறம். பச்சையாகும் என்று அவளே சொன்னாளே, நேரத்தோடு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக எடுத்து எலுமிச்சை இலையில் வைத்துவிட்டு, ஐந்து கோஸையும் எப்படித் தின்று தீர்ப்பது என்று யோசித்துக்கொண்டே படுத்தார்.

திங்கள் காலையில் செடியில் ஒன்றும் இல்லை. கோஸில் பிறந்த புழுவுக்கு எலுமிச்சை பிடிக்காது என்று அவருக்கு யார் சொல்வது? ஒன்று ஜன்னல் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று அவர் ஷூவுக்குள் இருந்தது. ஒன்றைப் பல் தேய்க்கும்போதுதான் பார்த்தார். மற்ற மூன்றும் இந்த வீட்டில் எங்கேயோ இருக்கின்றன என்ற நினைப்பே அவரை உட்காரவிடாமல் அடித்தது.

ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல் மனைவியின் போன்.

"பச்சையாயிட்டாங்களா?"

"ஆயிட்டாங்க. ஜம்முனு இருக்காங்க."

"மூணாம் நம்பர் எப்படி இருக்கு? அது கொஞ்சம் சோப்ளாங்கியாச்சே."

"அதைத்தான் தனியா கவனிச்சுக்கிறேன். மெல்லிசா இலை பாத்துப் போடறேன்."

"ஒரு போட்டோ அனுப்புங்களேன், பாக்கணும் போல இருக்கு."

ஷூவில் பிடித்த புழுவை எலுமிச்சை இலையில் வைத்து, கேமராவில் பாதியை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பினார். "அழகா இருக்கு" என்று பதில் வந்தது. அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. இப்படி வெள்ளந்தியாக நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று அன்றைக்கு நிஜமாகவே வருத்தப்பட்டார். அதற்காகப் புழு தேடுவதை நிறுத்திவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வாசல் மரத்தில் கம்பளிப்பூச்சிகள் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தன. முடி இருந்தால் என்ன, வளர்ந்து பட்டாம்பூச்சியானால் முடியை யார் பார்க்கப் போகிறார்கள். மத்தியானச் சாப்பாடு காலியான டப்பாவில், வெறுங்கையால், பத்தை வழித்துப் போட்டுக்கொண்டு சீட்டுக்கு வந்தார். டப்பாவின் மூடி சரியாக மூடாது. அது அவருக்குத் தெரியும், ஞாபகம்தான் வரவில்லை.

பக்கத்து சீட்டு அம்மா காதில் போனோடு ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். "மெஷின் சுத்தும்போது இடத்தை விட்டு நகருதுங்களா? எவ்ளோ தூரம் நகருது?" என்று கேட்டுக்கொண்டே மேசையைப் பார்த்தவர், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. இங்கயும் ஏதோ நகருது."

ஐந்து நிமிஷத்தில் புகார்ப் பிரிவு முழுக்க நாற்காலி மேல் நின்று புகார் வாங்கிக்கொண்டிருந்தது.

"வீட்டுலதான் பன்னெண்டு வச்சிருக்கேன்னீங்க," என்றார் பக்கத்து சீட்டு அம்மா, நாற்காலியிலிருந்து இறங்காமலே. "இது எதுக்கு?"

"துணைக்கு."

"சார், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் குட்டியை வச்சிருப்பேன். எங்க மாடி வீட்டுக்காரங்க ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. புழுவைப் பாத்துக்கிற லட்சணமே இப்படி இருந்தா நான் எந்த நம்பிக்கையில குடுக்கிறது?"

அவர் விரல் விட்டு ஞாயிற்றுக்கிழமை வரை எண்ணப் பார்த்தார். விரல்தான் மடங்கவில்லை. உள்ளங்கை முழுக்கத் தடித்து, விரல் ஒவ்வொன்றும் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. சொறிந்த கையால் கழுத்தைத் தொட்டார், கழுத்தும் போயிற்று.

பிடிபட்ட கம்பளிப்பூச்சிகள் எட்டையும் கொண்டுபோய் பால்கனியில் விட்டார். அவை எலுமிச்சையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பூச்செடித் தொட்டிகள் ஏழையும் ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டு, காலையில் சுவரில் வரிசையாக ஏறி மேல்வீட்டுக்குப் போய்விட்டன.

புதன்கிழமை அவர் தீர்மானித்துவிட்டார். எட்டு மணிக்கு போன் வந்தால் முதல் வார்த்தை உண்மைதான். நாய்க்குட்டி போனால் போகிறது. குளித்து, தலை வாரி, போன் முன்னால் உட்கார்ந்தார்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க. மூணாம் நம்பருக்கு ஏதாவது ஆச்சா?"

அவள் குரலில் அத்தனை பதற்றம். அவருக்கு மனசு தாங்கவில்லை.

"பயப்படாதே. லேசா சளி."

"புழுவுக்குச் சளியா?"

"ஒதுங்கியே படுத்திருக்கு. ஆறாம் நம்பர்தான் பாவம், பக்கத்துலயே இருந்து பாத்துக்குது. நானும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பாக்கறேன். விளக்குல உள்ளங்கையைச் சூடு பண்ணிப் பக்கத்துல வச்சேன், கொஞ்சம் நிமிர்ந்து பாத்துச்சு. விடியறதுக்குள்ள தேறிடும்மா, நான் விட மாட்டேன்."

சொல்லிக்கொண்டே அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரோ பலமாக இருமினார்கள். மனைவி ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

வியாழக்கிழமை காலை, வீங்கிய கையோடு பால்கனியில் நின்று கீழே வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அடுத்த காம்பவுண்டில் பல் டாக்டர் வீடு. வாசலில் பெரிய எலுமிச்சை மரம். அதன் இலைகளில் கறுப்பும் வெளுப்புமாக, அச்சு அசலாகக் காக்கா எச்சம்.

இரண்டே நிமிஷத்தில் ஸ்டூல் போட்டு மதில் தாண்டினார். முதல் புழுவைத் தொட்டதும் அதன் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீண்டு, குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது. அலறிப் பின்வாங்கியவர் டாக்டரின் ரோஜாத் தொட்டியில் போய் உட்கார்ந்தார். முள் அதன் வேலையைச் செய்தது.

வாயில் பிரஷ்ஷோடு டாக்டர் வெளியே வந்தார். "யாருய்யா நீ?"

"கவலைப்படாதீங்க டாக்டர். நம்ம ஆள் வந்தாச்சு."

"எந்த ஆள்?"

"புழு எடுக்கிற ஆள். நான்தான். பக்கத்து வீட்டு மாடி. அக்கம்பக்கம்னா ஒரு ஒத்தாசை வேணும்ல."

டாக்டர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "மூணு மாசமா இந்தச் சனியனுங்களோட போராடறேன் சார். ஒரு மனுஷன் வந்து கேக்கல." உள்ளே ஓடிப்போய், பல் பிடுங்கும்போது பஞ்சு வைக்கிற சின்ன இடுக்கியும் ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். பக்கத்திலேயே நின்றும்கொண்டார். "ஒண்ணு விடாம எடுங்க. சின்னதுதானேன்னு விட்டா அதுதான் பின்னால பெருசாகித் தொந்தரவு குடுக்கும். அவசரமே இல்ல, மெதுவா எடுங்க."

பன்னிரண்டோடு நிறுத்திவிடலாம் என்றால் டாக்டர் விடவில்லை. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் கொண்டுவந்து தன் மூன்று எலுமிச்சைத் தொட்டிகளிலும் குடியேற்றினார். அதில் ஐந்து மட்டும் அசையவேயில்லை. களைப்பு போலிருக்கிறது என்று அவற்றுக்கு அரைநாள் தண்ணீர் தெளித்தார். சாயங்காலம்தான் தெரிந்தது, அந்த ஐந்தும் நிஜமாகவே காக்கா எச்சம்.

மீதி இருபத்தாறும் மறுநாளே தோலை உரித்துப் பச்சையாயின. பச்சையானதும் தின்ன ஆரம்பித்தன பாருங்கள், அப்படி ஒரு தீனியை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று தொட்டியும் வெறும் குச்சி. நர்சரிக்காரர் கொடுத்த செடி மட்டும் தளதளவென்று நின்றது, அதில் விட்டால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அதைத் தூக்கி வாசலில் வைத்தார்.

மறுபடியும் டாக்டர் வீடு.

"அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே," என்றார் டாக்டர்.

"இலையில முட்டை இருக்கும் டாக்டர். ரெண்டாவது தடவையும் வரணும். உங்க தொழில்லயும் அப்படித்தானே?"

டாக்டர் ஒப்புக்கொண்டார். மூட்டை மூட்டையாக இலை வந்தது. சனிக்கிழமை முழுக்கச் சமாளிப்பு உட்காரவில்லை. இலையைக் கழுவினார், துடைத்தார், குச்சியில் செருகினார், எண்ணினார். ஒன்று குறைந்தால் தரையில் தவழ்ந்து தேடினார். இருபத்தாறும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஒரு வாய் டீ குடித்தார். ஆனால் பன்னிரண்டுதானே இருக்க வேண்டும், பதினாலை எங்கே ஒளிப்பது? டாக்டரிடமே திருப்பி விட்டுவிடலாம் என்று டப்பாவில் பதினாலை எடுத்தார். அவர் மருந்தடித்துவிடுவார் என்று நினைத்ததும் மனசு வரவில்லை. திரும்ப விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சகலையின் கார் வாசலில் வந்து நின்றது. மனைவி மேலே வந்தாள். செருப்பைக்கூட முழுசாகக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள்.

பூச்செடி ஏழும் மொட்டை. எலுமிச்சை மூன்றும் குச்சி. குச்சிகளில் கட்டைவிரல் தடிமனில் பச்சைப் புழுக்கள், பால்கனிக் கம்பியில் நாலு கூடு, மடக்கு நாற்காலிக்கு அடியில் மூன்று, அவர் பனியனில் இரண்டு. பனியனை அவர் முந்தின நாளிலிருந்து தொடவில்லை.

அவள் நிதானமாக எண்ணினாள். "இருபத்தாறு இருக்கு."

"நல்லாப் பாத்துக்கிட்டேன்ல," என்றார் அவர். அதற்கு மேல் முடியவில்லை. "இல்லம்மா, நான் உன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அன்னிக்கு நீ போனதுமே—"

அவள் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் வடிந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்," என்றாள். "அந்தம்மா வேற யாருக்காவது குடுத்துடப் போறாங்க. போய்க் குட்டியைக் கூட்டிட்டு வாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு வயசு மனுஷர், படியில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினார்.

கீழே சகலை காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, பின்சீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். மூடியில் சின்னச் சின்னத் துளைகள்.

"அக்கா இதை மறந்துட்டுப் போயிட்டாங்க சகலை. ஆட்டாம மேல கொண்டு போங்க."

டப்பாவுக்குள் எலுமிச்சைக் குச்சிகளில் வரிசையாகப் பன்னிரண்டு கூடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மனைவியின் கையெழுத்தில் ஒரு நம்பர்.

"இது எப்ப..." அவர் நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "அப்ப தினமும் போன்ல என்கிட்ட கேட்டது?"

"கிளம்பும்போது மனசு கேக்காம அவங்க கையோட கொண்டு வந்துட்டாங்க, அதைச் சொல்லத்தான் முதல் நாள் கூப்பிட்டாங்க, நீங்கதான் வாயைத் திறக்க விடல," என்றார் சகலை. "அப்புறம் தினமும் எட்டு மணிக்கு ஸ்பீக்கர்ல போட்டு வீடே சுத்தி உக்காந்துடும், மாமாவுக்குக் கண்ணுல கட்டு இருக்கே, பாவம், அவருக்கு வேற பொழுதுபோக்கு ஏது, ஆனா நாய்க்குட்டிக்கு நீங்க பயப்படவே வேண்டாம் சகலை, அதை அத்தை புதன்கிழமையே முடிவு பண்ணிட்டாங்க, இல்லாத புழுவுக்குச் சளி பிடிச்சதுக்கே தூங்காம கிடக்கிற மனுஷன், இருக்கிற நாயைக் கைவிட்டுடுவாரான்னு."